நெல் குத்துக்கு அடியில் ஒரு காவல்காரி



நம் குழுக்களில் பயிர்ச் செலவுக்கு உள்கடன் கேட்கும்போது "உரம், மருந்து" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். உரம் எத்தனை மூட்டை, எந்தப் பருவத்தில் போட வேண்டும் என்று கேட்டால் எல்லோரிடமும் பதில் உண்டு. மருந்து எந்தப் பூச்சிக்கு, அந்தப் பூச்சி வயலில் எத்தனை இருந்துச்சுன்னு கேட்டால் பதில் வருவதில்லை. "பக்கத்து வயல்ல அடிச்சாங்க, நாங்களும் அடிச்சோம்" என்பதுதான் பெரும்பாலும் பதில்.

அந்த மருந்துச் செலவில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தித் தருகிற சின்னஞ்சிறு உயிர் ஒன்று நம் நெல் வயலிலேயே இருக்கிறது. கூலி கேட்காது, சாப்பாடு கேட்காது. நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் எத்தனையோ முறை நம் விரல் நுனிக்குப் பக்கத்திலேயே ஊர்ந்து போயிருக்கும். அதன் பெயர் குள்ளச் சிலந்தி. "சின்ன எட்டுக்கால் பூச்சி" என்று நினைத்து நாம் கவனிக்காமல் விட்டிருப்போம். அதைப் பற்றித்தான் இந்த இதழில் தெரிந்துகொள்ளப் போகிறோம்.

அரிசியில் பாதி அளவு

குள்ளச் சிலந்தி எவ்வளவு சிறியது தெரியுமா? நன்றாக வளர்ந்த சிலந்தியே ஓர் அரிசியில் பாதி அளவுதான் இருக்கும். அதனால் மற்ற பெரிய சிலந்திகளின் குஞ்சு என்று பலரும் தவறாக நினைத்துவிடுகிறார்கள். உற்றுப் பார்த்தால் முதுகில், வயிற்றுப் பகுதிக்கு மேலே, சாம்பல் நிறத்தில் மூன்று ஜோடிப் புள்ளிகள் தெரியும். அதுதான் அடையாளம்.

விஞ்ஞானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் அட்டிப்பீனா ஃபார்மோசானா. ஃபார்மோசா என்பது தைவான் தீவின் பழைய பெயர். நம் நாடு தொடங்கி தைவான் வரை, ஆசியாவின் நீர் நிற்கும் நெல் வயல்கள்தான் இதற்குச் சொந்த ஊர். ஈரம் இல்லாத இடம் இதற்குப் பிடிக்காது.

இது குடியிருப்பது நெல் குத்தின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. அங்கே தண்டுக்கும் தண்டுக்கும் இடையில் ஒழுங்கில்லாமல் ஒரு சின்ன வலை பின்னி வைத்திருக்கும். அதில் வந்து சிக்கும் பூச்சியைப் பிடித்துத் தின்னும். சில நேரம் வலையை விட்டு வந்து நேராகவும் வேட்டையாடும். வேகமாக ஓடத் தெரியாது, மெதுவாகத்தான் நகரும். ஆனாலும் ஒரு நாளைக்கு 4, 5 தத்துப்பூச்சிக் குஞ்சுகளைத் தின்றுவிடும். ஒரே குத்தின் அடியில் 30, 40 குட்டிச் சிலந்திகள்கூட இருப்பதுண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று சும்மாவா சொன்னார்கள்!

பெண் சிலந்தி காய்ந்த இலையுறையில் 80 முதல் 100 முட்டைகள் இட்டு, மேலே மெல்லிய நூலால் போர்த்தி வைக்கும். இதன் ஆயுள் ஒன்றரை மாதம் முதல் இரண்டு மாதம் வரைதான். ஒரு போகம் முடிவதற்குள் இதன் வாழ்க்கையும் முடிந்துவிடுகிறது.

புகையான் என்ற எதிரி

குள்ளச் சிலந்தி விரும்பித் தின்பது புகையான் குஞ்சுகளை. புகையானைப் பற்றி நமக்குச் சொல்லவே வேண்டாம். பழுப்பு நிறத்தில் இருக்கும் இந்தத் தத்துப்பூச்சி, குத்தின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சிக் குடித்துவிடும். பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்து, புகை பிடித்ததுபோல் ஆகிவிடும். நேற்று பச்சையாக இருந்த இடம் சில நாளில் வைக்கோலாகிவிடும். நம் பக்கத்து மாநிலமான கேரளாவில், குட்டநாட்டில் 1973-74-ல் புகையான் தாக்கி நெல் பயிர் பெருத்த நாசமடைந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். புகையான் இருப்பது குத்துக்கு அடியில். குள்ளச் சிலந்தி இருப்பதும் குத்துக்கு அடியில். வரப்பில் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டுமே தெரியாது. குனிந்து, பயிரை விலக்கிக் களை எடுக்கிறவருக்குத்தான் தெரியும். அந்த வேலையைச் செய்வது யார்? நாம்தானே!

மருந்து அடித்தும் புகையான் பெருகுவது ஏன்?

"மருந்து அடிச்சு பத்து நாள்கூட ஆகல. முன்னாடி இருந்ததைவிட இப்ப அதிகமா இருக்கு" என்று பலர் சொல்லிக் கேட்டிருப்போம். கலப்பட மருந்து என்று கடைக்காரரைத் திட்டுவோம். அது கலப்படமாக இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல மருந்து அடித்தாலும் இப்படி நடக்கும். காரணம் இதுதான்.

புகையான் தன் முட்டைகளை வெளியே இடுவதில்லை. நெல்லின் இலையுறையைக் கீறி அதற்குள்ளே வைத்துவிடுகிறது. ஒரு பெண் பூச்சி 200, 300 முட்டை வரை இடும். நாம் அடிக்கும் மருந்தில் வெளியே இருக்கும் பூச்சிகள் சாகும். உள்ளே இருக்கும் முட்டை பத்திரமாக இருக்கும். அதே மருந்தில் வெளியே இருந்த சிலந்திகளும் செத்துவிடும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டைகள் பொரிந்து குஞ்சுகள் வரும்போது அவற்றைத் தின்ன வயலில் ஆள் இல்லை. காவல்காரியைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து வைத்தது போலத்தான்.

புகையான் ஒரு மாதத்துக்குள் ஒரு தலைமுறையை முடித்துவிடும். குள்ளச் சிலந்தியோ வயலில் மெதுவாகத்தான் குடியேறும். இழந்த சிலந்தியை நாம் கடையில் வாங்கவும் முடியாது. அதனால் மறுபடி மருந்து, மறுபடி கடன் என்று ஆகிவிடுகிறது. செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்த வயல்களில் புகையான் இப்படித் திரும்பவும் பெருகுவது அதிகம். அதனால்தான் புகையானுக்கு அந்த வகை மருந்தை அடிக்காதீர்கள் என்று வேளாண் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

ஒரு நாடே கற்றுக்கொண்ட பாடம்

இது ஏதோ ஒரு ஊர்க் கதை இல்லை சகோதரிகளே. இந்தோனேசியா என்ற நாட்டில் 1984-ல் தங்கள் தேவைக்குத் தாங்களே அரிசி விளைவித்துவிட்டோம் என்று பெருமைப்பட்டார்கள். பூச்சி மருந்து விலையில் பெரும்பங்கை அரசாங்கமே மானியமாகக் கொடுத்தது. விலை மலிவு என்பதால் உழவர்களும் தாராளமாக அடித்தார்கள். இரண்டு வருடத்துக்குள் ஜாவா தீவில் புகையான் பெருகி, அரிசி உற்பத்திக்கே ஆபத்து வந்தது.

மருந்துதான் சிலந்தி போன்ற நன்மை செய்யும் பூச்சிகளைக் கொன்று புகையானை வளர்த்துவிட்டது என்று விஞ்ஞானிகள் எடுத்துச் சொன்னார்கள். 1986-ல் அந்த நாட்டு அதிபர் நெல்லுக்கு 57 வகை மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டார். 1989-ல் மருந்து மானியமும் அடியோடு நின்றது. அதே வருடம் ஊர் ஊராக உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. உழவர்கள் வாரம் ஒரு முறை வயலில் கூடி, பூச்சிகளையும் சிலந்திகளையும் எண்ணிப் பார்த்து, மருந்து வேண்டுமா வேண்டாமா என்று தாங்களே பேசி முடிவு செய்தார்கள். மருந்து குறைந்ததால் விளைச்சல் விழுந்துவிடவில்லை. நம் ஊரிலும் வேளாண் துறை நடத்தும் வயல்வெளிப் பள்ளி அந்த வழியில் வந்ததுதான்.

வியட்நாம் நாட்டில் மீகாங் ஆற்றுப் படுகையில் 1994-ல் இன்னொரு முயற்சி நடந்தது. "விதைத்த முதல் 40 நாளைக்குப் பூச்சி மருந்து வேண்டாம்" என்ற ஒரே ஒரு செய்தியை ரேடியோ நாடகமாகவும் துண்டுப் பிரசுரமாகவும் கொண்டுபோனார்கள். இளம் பயிரில் இலைச்சுருட்டுப் புழு சில இலைகளைத் தின்றாலும் பயிர் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும் என்று விளக்கினார்கள். கேட்டவர்கள் தங்கள் வயலில் சோதித்துப் பார்த்தார்கள். மருந்து அடிக்கும் தடவைகள் சுமார் பாதியாகக் குறைந்தன.

முதல் 40 நாள் ஏன் முக்கியம்? சிலந்திகள் வயலில் குடியேறுவது அப்போதுதான். அந்த நேரத்தில் அடிக்கும் மருந்து, பூச்சியைவிடச் சிலந்தியைத்தான் அதிகம் பாதிக்கிறது.

சிலந்திக்கும் கணக்கு உண்டு

குழுவின் கணக்குப் புத்தகத்தில் வரவும் உண்டு, செலவும் உண்டு. வயலிலும் அப்படித்தான். பூச்சியை மட்டும் எண்ணினால் அது பாதிக் கணக்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் புகையானுக்குச் சொல்லும் பொருளாதாரச் சேதநிலையைப் பாருங்கள். (பூச்சி எந்த அளவுக்கு வந்தால் மருந்துச் செலவு செய்யலாம் என்கிற எல்லைக்குத்தான் அப்படிப் பெயர்.)

• வயலில் சிலந்தி இல்லை என்றால்: தூர் ஒன்றுக்கு 1 புகையான்.
• குத்து ஒன்றுக்கு 1 சிலந்தி இருந்தால்: தூர் ஒன்றுக்கு 2 புகையான்.

அதாவது குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், எல்லை இரட்டிப்பாகிறது. பெரிய படிப்பு படித்தவர்களே சிலந்தியை வரவுக் கணக்கில் வைத்திருக்கிறார்கள்!

எண்ணிப் பார்ப்பது எப்படி?

காலை நேரத்தில் போங்கள். வயலில் குறுக்காக நடந்து, ஓரத்திலும் நடுவிலுமாக 10 குத்துகளைப் பாருங்கள். குத்தை மெதுவாக விலக்கி முதலில் சிலந்திகளை எண்ணுங்கள். பிறகு குத்தின் அடியைக் கையால் இரண்டு தட்டு தட்டுங்கள். புகையான் தண்ணீரில் விழுந்து தத்தும். எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்தக் குத்தில் எத்தனை தூர் என்பதையும் எழுதுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போமா? 10 குத்தில் மொத்தம் 150 தூர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வயல்: 210 புகையான், 12 சிலந்தி. தூர் ஒன்றுக்கு 1.4 புகையான் வருகிறது. குத்துக்கு ஒரு சிலந்திக்கு மேலேயே இருக்கிறது. எல்லை 2. ஆகவே மருந்து வேண்டாம். நாலைந்து நாள் கழித்துத் திரும்பவும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது வயல்: அதே 210 புகையான், ஆனால் 3 சிலந்திதான். குத்துக்கு ஒன்றுகூட இல்லை. எல்லை 1. இங்கே நடவடிக்கை தேவை.

மூன்றாவது வயல்: 330 புகையான், 12 சிலந்தி. தூர் ஒன்றுக்கு 2.2 வருகிறது. சிலந்தி இருந்தும் சமாளிக்க முடியாத நிலை. இங்கேயும் நடவடிக்கை தேவை.

முதல் வயலிலும் இரண்டாவது வயலிலும் புகையான் எண்ணிக்கை ஒன்றேதான். சிலந்தியை எண்ணாதவர் இரண்டு வயலுக்கும் மருந்து அடித்திருப்பார். முதல் வயல்காரருக்கு அது வீண் செலவு. வீண் செலவு மட்டுமா? 12 சிலந்திகளையும் இழந்து, அடுத்த தடவை அவரே இரண்டாவது வயல்காரர் நிலைக்கு வந்துவிடுவார்.

குள்ளச் சிலந்தி மட்டும்தான் என்று இல்லை. முதுகில் முள்கரண்டி போன்ற கோடு உள்ள ஓநாய்ச் சிலந்தி, நீளமான கால்களை இலையோடு ஒட்டிவைத்து ஒளிந்திருக்கும் நீண்டதாடைச் சிலந்தி எல்லாமே நம் தோழிகள்தான். ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சி வரை தின்னும். தாய்ச் சிலந்தி தன் குஞ்சுகளை முதுகில் சுமந்துகொண்டே திரியும். எந்தச் சிலந்தியாக இருந்தாலும் எண்ணுங்கள்.

சிலந்தி பெருக நாம் என்ன செய்யலாம்?

1. தொழுவுரம், பசுந்தாள் உரம் போடுங்கள். அவை மட்கும்போது வயல் நீரிலும் சேற்றிலும் கொசு போன்ற சின்னஞ்சிறு ஈக்களும் பூச்சிகளும் பெருகும். அவை பயிருக்குக் கெடுதல் செய்யாது. புகையான் வருவதற்கு முன்பே சிலந்திகள் அவற்றைத் தின்று பெருகிவிடும். இந்தோனேசியாவில் ஆராய்ச்சி செய்து இதைக் கண்டுபிடித்தார்கள். விருந்தாளி வருவதற்கு முன்பே வீட்டில் ஆள்பலம் சேர்த்து வைப்பது போல.

2. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாதீர்கள். பிரித்துப் பிரித்துப் போடுங்கள். தழைச்சத்து அதிகமானால் புகையானுக்குக் கொண்டாட்டம்.

3. நடவின்போது எட்டடிக்கு ஓரிடத்தில் ஓரடி இடைவெளி விடுங்கள். வெளிச்சமும் காற்றும் குத்தின் அடிவரை போகும். இறங்கிப் பார்க்கவும் வசதி.

4. வரப்பை ஒரேயடியாக மழித்துவிடாதீர்கள். அறுவடைக்குப் பிறகு சிலந்தி ஒதுங்க ஓரிடம் வேண்டும். சீன நாட்டில் உழவர்கள் வைக்கோலைக் கூம்பாகக் கட்டி வைத்து, அதில் ஒதுங்கும் சிலந்திகளை நெல் வயலுக்குக் கொண்டுவருவார்கள். நாமும் வரப்போரம் சில வைக்கோல் கட்டுகளை வைக்கலாம்.

5. எல்லை தாண்டினால் முதலில் வயல் தண்ணீரை வடியுங்கள். 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு தெளிக்கலாம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்துக் குத்தின் அடியில் படும்படி தெளிக்க வேண்டும். சிலந்திக்கு இதனால் பாதிப்பு குறைவு. அதற்கும் அடங்காவிட்டால் உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரைக் கேட்டு, அவர் எழுதிக் கொடுக்கும் மருந்தை, சொல்லும் அளவில் மட்டும் அடியுங்கள்.

"எட்டுக்கால் பூச்சி மேல பட்டா கொப்புளம் வராதா?"

பல சகோதரிகளுக்கு இந்தப் பயம் உண்டு. குள்ளச் சிலந்தியின் வாய் நம்மைக் கடிக்கும் அளவுக்குப் பெரியது இல்லை. அதைத் தொட்டால் கொப்புளமும் வராது.

களை எடுத்து வந்த மறுநாள் கையிலோ கழுத்திலோ கோடு போட்டதுபோல் எரிச்சலும் கொப்புளமும் வருவது உண்மைதான். நெல் வயலில் அதற்குப் பல நேரம் காரணம் வேறொரு பூச்சி. எறும்பு போலவே நீளமாக, ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும் சிறு வண்டு அது. மேலே ஊர்ந்தால் ஒன்றும் செய்யாது. நசுக்கித் தேய்த்தால் அதன் உடம்பு நீர் பட்டு தோல் வெந்துவிடும். அதனால் ஊதித் தள்ளுங்கள், அடித்து நசுக்காதீர்கள். பட்டுவிட்டால் உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். அந்த வண்டும் தத்துப்பூச்சியைத் தின்னும் நம் வயல் காவலாளிதான். பழி மட்டும் சிலந்தி மேல் விழுகிறது!

உண்மையில் நாம் பயப்பட வேண்டியது மருந்துக்குத்தான். தெளித்த ஈரம் காய்வதற்குள் களை எடுக்க இறங்குகிறோம். அந்தத் தண்ணீரில்தான் மணிக்கணக்கில் நிற்கிறோம். தேவையில்லாமல் ஒரு தடவை மருந்து குறைந்தால் சிலந்தி பிழைப்பது மட்டுமல்ல, நம் உடம்புக்கும் நல்லது.

குழுவில் பேசுங்கள்

"மருந்து அடிக்கிறது ஆம்பளைங்க முடிவு. நாங்க சொன்னா கேட்பாங்களா?" என்று சிலர் கேட்கலாம். வெறும் வாயால் "வேண்டாம்" என்றால் கேட்க மாட்டார்கள். நோட்டில் எழுதிய கணக்கைக் காட்டி, "150 தூருக்கு 210 பூச்சி, 12 சிலந்தி. எல்லை இன்னும் தாண்டல. வர்ற வெள்ளிக்கிழமை திரும்ப எண்ணுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். கணக்குக்கு மரியாதை உண்டு. சேமிப்பும் கடனும் வட்டியும் எழுதிப் பழகிய நமக்கு இது ஒரு பக்கம் கூடுதல், அவ்வளவுதான்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். நெல் போட்டிருக்கும் உறுப்பினர்களில் யாராவது ஒருவர் வயலைத் தேர்ந்தெடுத்து எல்லோரும் சேர்ந்து போய் ஒரு நாள் காலையில் எண்ணுங்கள். கண் மங்கலான அக்காமார்களுக்குப் பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகள் உதவட்டும். முதுகில் மூன்று ஜோடிப் புள்ளியை முதலில் கண்டுபிடிப்பது யார் என்று போட்டியே வைக்கலாம். நிலம் இல்லாத சகோதரிகளும் வாருங்கள். எல்லோர் வயலிலும் குனிந்து வேலை செய்கிறவர்கள் நீங்கள்தான். எந்த வயலில் சிலந்தி இருக்கிறது, எந்த வயலில் இல்லை என்று உங்களைப்போல் வேறு யாருக்கும் தெரியாது.

பயிர்க்கடன் மனு வரும்போது "மருந்து" என்று எழுதியிருந்தால் ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: "சிலந்தியை எண்ணினீங்களா?"